தரை ஷீட்டில் லினோ அச்சு வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஓவிய வகுப்போடு விட்டுப்போன லினோ அச்சை (லினோலியம் தகட்டில் படத்தை வெட்டி, மை உருட்டித் தாளில் ஒற்றும் கலை), இணையவழி வகுப்புகளின் புண்ணியத்தில் பலர் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நல்ல செய்தி. ஆனால் அதில் ஒரு வரி பலருடைய காசை வீணாக்கும். தரைக்கு விரிக்கும் லினோலியம் ஷீட்டை எந்தக் கடையிலும் வாங்கி வெட்டிக்கொள்ளலாம் என்பது அந்த வரி. நம் ஊர்க் கடைகளில் லினோலியம் என்ற பெயரில் சுருளாக நிற்பது பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் ஷீட். மேலே பளபளப்பாக ஒரு தோல், அடியில் நுரை. உளியை வைத்தால் தோலில் வழுக்கும், நுரையில் இறங்கியதும் பிய்த்துக்கொண்டு வரும். கோடு கோடாகவே நிற்காது.

உண்மையான லினோ வேறு சங்கதி. 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் கண்டுபிடித்தது. பெயின்ட் டப்பாவில் ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு ஆடை கட்டுமே, அந்த ஆடையைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. கெட்டிப்பட்ட ஆளி விதை எண்ணெய், பிசின், தக்கைத் தூள் மூன்றையும் குழைத்து, சணல் துணிமேல் தகடாக அழுத்தியது லினோ. ஓவியப் பொருள் கடையில் லினோ ஷீட் என்று கேட்டு, வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கோணி நெசவு தெரிய வேண்டும். பருமன் 3 மி.மீ.க்குச் சற்று மேலே இருக்கும். முகர்ந்தால் பெயின்ட் கடை வாசனை வரும். ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழவில்லை, லேசாக வளைத்தாலே பிஸ்கட் மாதிரி வெடிக்கிறது என்றால் அது வருடக்கணக்கில் கடையில் கிடந்த சரக்கு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகிக்கொண்டே போவதால் லினோவுக்கும் வயதாகும். (பழைய பத்திரிகை அச்சகங்களில் இருந்த லினோடைப் இயந்திரத்துக்கும் இந்த லினோவுக்கும் எந்த உறவும் இல்லை. வரி வரியாக ஈயத்தில் வார்த்ததால் அதற்கு அந்தப் பெயர்.)

இணைய வகுப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உளி பிடிக்கும் விதத்தைக் கேமரா பக்கத்தில் போய்க் காட்டும்போது, நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குத் தெரியாததெல்லாம் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான வகுப்புகள் குளிர் நாட்டு அறையில் எடுக்கப்பட்டவை. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ மின்விசிறி சுழலும் வீட்டில் அதை அப்படியே செய்தால் பாதி விஷயம் தலைகீழாகும். இன்னொன்று, இந்த வேலையில் முக்கியமான மூன்றைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது: மையின் சத்தம், கையின் அழுத்தம், வெட்டின் ஆழம்.

அடிப்படை எளிது. வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டுத் தாளில் ஒற்றிய அதே வேலைதான் இதுவும். மேடாக நிற்பது அச்சாகும், வெட்டி எடுத்த பள்ளம் வெள்ளையாகும். படம் இடம் வலமாகத் திரும்பும். இந்தத் திருப்பத்தில்தான் தமிழ் எழுத்து ஆளைக் கவிழ்க்கிறது. 'ப' திருப்பிப் போட்டாலும் கிட்டத்தட்ட 'ப' போலவே இருக்கும். அதை மட்டும் பார்த்துச் சரி என்று வெட்டத் தொடங்கினால், அச்செடுத்த பிறகு 'ட'வும் கொம்பும் பல்லிளிக்கும். கார்பன் தாள் வைத்து நகலெடுத்தால் படம் திரும்பாது, எழுத்து வேலைக்கு அது ஆகவே ஆகாது. டிரேசிங் தாளில் 4பி அல்லது 6பி பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கம் லினோவைத் தொடும்படி கவிழ்த்துப் போட்டு, முதுகில் கரண்டிக் காம்பால் தேய்த்தால் தானாகவே திரும்பிப் பதியும். சந்தேகம் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

படம் பதிக்குமுன் 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு, வட்டமாக இரண்டு நிமிடம் லேசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். மேலே இருக்கும் வழவழப்பு போனால்தான் மை சீராகப் பிடிக்கும். பிறகு காவி நிற அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. வெட்டிய இடமும் வெட்டாத இடமும் அப்போது பளிச்சென்று பிரிந்து தெரியும். இதைச் செய்யாதவர்கள்தான் மாலை வெளிச்சத்தில் வெட்டக் கூடாத கோட்டை வெட்டிவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள்.

உளிகளில் இரண்டு போதும். கோட்டுக்கு வி வடிவம், வெளியை வாரி எடுக்க யு வடிவம். லினோவை அயர்ன் பாக்ஸால் சூடாக்கிவிட்டு வெட்டச் சொல்வார்கள். அது குளிரில் விறைத்த லினோவுக்கு. வண்ணாரப்பேட்டையில் இஸ்திரிப் பெட்டிக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் லினோவுக்கு அது இங்கே வேண்டாம். சித்திரை, வைகாசி மதியங்களில் நிலைமை நேர்மாறு: லினோ நெகிழ்ந்து, மெல்லிய கோட்டின் ஓரம் நசுங்கும். பத்து நிமிடம் வெறும் சிமெண்ட் தரையில் கிடத்திவிட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

உளியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. லினோ பரப்போடு ஏறக்குறைய 25 பாகை சாய்வில், தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆழம் ஒன்று, ஒன்றரை மி.மீ. போதும். சணல் கண்ணில் பட்டால் அதிகம் இறங்கிவிட்டீர்கள். வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள். வலது கை அசையாமல் இருக்க, இடது கையால் லினோவைத் திருப்புங்கள். கூரான உளியில் சீவல் சுருள் சுருளாக நாடாபோல் வரும். தூள் தூளாக உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது. மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. பெரியமேட்டில் கிடைக்கும் தோல் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, மெட்டல் பாலிஷ் தடவி, அரை மணிக்கு ஒருமுறை உளியைப் பின்பக்கமாக இழுத்துத் தீட்டினால் போதும்.

'ண்' எழுத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று சுழி, மேலே ஒரு புள்ளி. கறுப்பு எழுத்தாக வர வேண்டுமென்றால் சுழிக்குள் இருக்கும் கடுகளவு இடத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். எழுத்து 15 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டு, 'ண'வா 'ன'வா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டிவரும். புள்ளி இன்னும் வம்பு. சுற்றிலும் வெட்டியபின் அது தனித் தீவாக நிற்கிறது. சுவரைச் செங்குத்தாக வெட்டினாலோ, அடியைக் குடைந்துவிட்டாலோ இரண்டாவது அச்சிலேயே பெயர்ந்து, மை உருட்டும் ரோலரோடு போய்விடும். மணல் குவியல்போல அடி அகன்று, மேலே வரவரக் குறுகும்படி சரிவாக வெட்ட வேண்டும். அதையே கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாகச் செய்தால் வேலை கால்வாசிதான். கோட்டின்மேல் வி உளியை ஓட்டினால் எழுத்து. புள்ளிக்குச் சின்ன யு உளியை ஓரிடத்தில் சற்று நிமிர்த்தி ஊன்றிக்கொண்டு, லினோவை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வட்டமாக ஒரு சில்லு கழன்று வரும்.

படத்துக்கும் இதே கணக்குதான். காசிமேட்டு மீன் வலையை முதல் படமாக எடுத்துக்கொள்ளும் ஆசை இங்கே பலருக்கு வரும். கறுப்பு நூலாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத் தோண்ட வேண்டும். ஒரு நூல் அறுந்தால் படம் போச்சு. கறுப்பின்மேல் வெள்ளை நூலாக வெட்டினால் ஒரு மணி நேர வேலை. தண்டி யாத்திரையையொட்டி ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் வெட்டிய காந்தி படம் லினோதான். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாகவே தடியூன்றி நடக்கும் உருவம் முழுக்க வந்துவிடுகிறது. முதல் தடவைக்கு ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசை அருமையாக அமையும். 1856-ல் கட்டியவர்கள் லினோவை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் நேர்கோடும் நிழலும் அளவாகக் கிடைக்கின்றன.

மைக்கு வருவோம். தண்ணீரில் கழுவக்கூடிய மையைத்தான் வகுப்புகளில் சொல்கிறார்கள். அதற்கு முதல் எதிரி மின்விசிறி. ஐந்து நிமிடத்தில் கண்ணாடிமேலேயே காய்ந்து, தாளை உரிக்கும்போது நார் நாராகப் பிடித்துக்கொள்ளும். விசிறியை நிறுத்துங்கள். மையில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் கலந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். வெறும் அக்ரிலிக் பெயின்ட் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம், தாளும் லினோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் சிபாரிசு ஆஃப்செட் மை என்ற எண்ணெய் மை. பாரிமுனைப் பக்கம் சிறு அச்சகங்களில் புழங்கும் அதே மைதான். ஒரு கிலோ டப்பா வாங்கினால் நாலு பேர் பங்கு போட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். எடுத்தபின் மேலே மெழுகுத்தாளை ஒட்டி மூட வேண்டும், இல்லையென்றால் ஆடை கட்டும். இந்த மை கொஞ்சம் பிசுபிசுப்பு அதிகம். தாளைப் பிய்க்கிறது என்றால் ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் (லின்சீட் ஆயில்). ஒன்றே ஒன்று. கை தாராளமானால் கோட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் ஊறித் தாள் பாழாகும். வெயில் காலத்தில் மை தளர்ந்து ஓடினால் மெக்னீசியம் கார்பனேட் தூள் ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசையலாம்.

ஏ5 அளவு லினோவுக்கு அரை டீஸ்பூன் மை போதும். ஓரத்தில் டேப் ஒட்டிய 5 மி.மீ. கண்ணாடியில் மெல்லிய பட்டையாக இழுத்து, 4 அங்குல ரப்பர் ரோலரால் குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். இப்போது காதைக் கொடுங்கள். மை அதிகமென்றால் சப்புச் சப்பென்று ஈரமாக ஒட்டி விடும் சத்தம் வரும், பரப்பும் சாத்துக்குடித் தோல் மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். சரியான அளவில், தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் சுண்டும் நேரத்தில் கேட்கும் மெல்லிய 'சுர்ர்' தொடர்ச்சியாக வரும், பரப்பும் வெல்வெட்போல் தெரியும். சத்தமே இல்லையென்றால் மை போதாது. பெரும்பாலான காணொளிகளில் இந்த இடத்தில் பின்னணி இசை போட்டு மூடிவிடுகிறார்கள்! வேலை முடிந்து ரோலரை வைக்கும்போது ரப்பர் மேசையில் படாமல் கவிழ்த்து வையுங்கள். ஒரு ராத்திரி அழுந்திக் கிடந்தால் தட்டையாகி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெள்ளைப் பட்டை விழும்.

தாள் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள், தாள் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெரு பக்கத்தில் இருக்கிறது. கையால் தேய்த்து அச்செடுப்பவர்களுக்கு 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ என்னும் அச்சுத் தாள் கச்சிதம். 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளைக் காட்டும் வகுப்பில் பக்கத்திலேயே அச்சு இயந்திரம் நிற்கும். கரண்டியால் அந்தத் தாளில் அரை மணி தேய்த்தாலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். தாளை லினோமேல் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவிப் படியவைத்து, அதன்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகால் எட்டணா அளவு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஏ5-க்குப் பத்து நிமிடம் பிடிக்கும். சப்பாத்திக் கட்டை வேண்டாம், அழுத்தம் பரவிப்போவதோடு தாளையும் நகர்த்தி நிழல் விழச் செய்யும். பாதித் தாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு பாதியைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்த இடத்தில் கொஞ்சம் மை உருட்டி மறுபடி இறக்கித் தேய்க்கலாம். முதல் இரண்டு மூன்று அச்சு வெளிறித்தான் வரும், லினோ மை குடிக்கும் நேரம் அது. அதற்குள் மையை அள்ளிப் பூசினால் நாலாவது அச்சில் மெல்லிய கோடெல்லாம் அடைத்துப்போகும்.

வெட்டி வாரிய வெளியில் உளித்தடத்தின் முகடுகள் மையைத் தொட்டு, சின்னச் சின்னக் கீற்றுகளாக அச்சில் விழும். சிலர் அதைப் பிழை என்று சுரண்டித் தீர்க்கிறார்கள். அந்தக் கீற்று ஒரே திசையில் ஓடினால் கடலுக்கும் வானத்துக்கும் அதைவிட நல்ல கோடு கிடைக்காது என்பது எங்கள் கட்சி.

ஒரே லினோவில் பல நிறம் எடுப்பதும் உண்டு. வெளிர் நிறத்தை முதலில் அச்சிட்டு, அது நிற்க வேண்டிய இடத்தை வெட்டி நீக்கி, அடுத்த அடர் நிறத்தை மேலே அச்சிட்டு, இப்படியே போவது. பிக்காசோ 1959 வாக்கில் தொடங்கி இந்த முறையில் நிறையச் செய்தார். வெட்டிய பிறகு முந்தைய நிறத்துக்குத் திரும்ப வழியே கிடையாது. அதனால் பத்துப் படம் வேண்டுமென்றால் பதினைந்து தாளில் தொடங்க வேண்டும். நமக்கு இதில் தனியாக ஒரு தொல்லை, கடற்காற்று. காலையில் அச்சிட்ட தாள் மாலையில் ஈரம் குடித்து விரியும். தாளின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே விரிவு அதிகம். அடுத்த நிறம் ஒரு மி.மீ. தள்ளி விழும். எல்லாத் தாளையும் இழை ஒரே பக்கமாக ஓடும்படி வெட்டி, அச்சு நடக்காத நேரத்தில் பிளாஸ்டிக் உறையில் அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நிற வேலையைத் தொடாமலிருப்பது மேல். எண்ணெய் மை காற்றோடு சேர்ந்துதான் இறுகும். வெயிலில் இரண்டு நாளில் ஆறுவது, அந்த மழையில் ஒரு வாரமானாலும் விரலில் ஒட்டும்.

சுத்தம் செய்யும்போது தின்னரைத் திறக்க வேண்டாம், நம் வீடுகளின் அறை அளவுக்கு அந்தப் புகை தாங்காது. முதலில் பழைய செய்தித்தாளால் மையை வழித்தெடுங்கள் (உங்கள் நாளிதழுக்கு இன்னொரு உபயோகம்). பிறகு சமையல் எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுத் துணியால் துடைத்து, கடைசியாகச் சோப்பு நீர் தொட்டு ஒரு துடைப்பு. இப்படிச் செய்தால் அரைக் குவளைத் தண்ணீர் போதும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில் இதையும் சொல்லத்தான் வேண்டும். லினோவைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, சணல் உப்பி, தகடு அப்பளம்போல் வளையும்.

கட்டுரையிலும் சரி, வகுப்புகளிலும் சரி, சொல்லாமல் விட்ட ஆபத்து ஒன்று உண்டு. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிப் பந்தாகக் குப்பைக் கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு வெளியேறிவிடும், கசங்கிய துணியின் மடிப்புக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். துணியைக் கொடியில் விரித்து முறுகக் காயவிட்டோ, தண்ணீர் நிறைந்த டப்பாவில் முக்கியோதான் எறிய வேண்டும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பகுதி இது. லினோ பற்றி எழுதும் யாரும் இதை விடக் கூடாது.

கரண்டி வலிக்கிறது என்பவர்கள் புது இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன், புத்தகம் பைண்டிங் செய்பவர்களிடம் இருக்கும் திருகு பிரஸ்ஸை ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். லினோ, தாள், மேலே நாலு மடிப்பு செய்தித்தாள் அல்லது கம்பளித் துண்டு, பிறகு ஒரு இறுக்கு. ஏ5 முழுக்கக் கறுப்பாக வரும். காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரமான ட்ரெடில் மிஷின் இன்னும் ஓடும் இடமென்றால் இன்னும் விசேஷம். அங்கே அச்செழுத்தின் உயரம் 23.3 மி.மீ. லினோ 3.2 மி.மீ., அடியில் 19 மி.மீ. பிளைவுட், மிச்சமிருக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்கு அட்டை கொடுத்து ஒட்டினால் ஈய எழுத்தோடு சேர்த்தே பூட்டி ஓட்டலாம். இந்த மிஷின்கள் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியிலும் பெரியமேடு கவின் கலைக் கல்லூரியிலும் அச்சுக்கலைக்கு வசதி இருக்கிறது. வடசென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாநகராட்சிப் பள்ளியின் ஓவிய அறையைத் திறந்து, காயலான் கடையிலிருந்து ஒரு பிரஸ்ஸை மீட்டு வைத்தால், இணைய வகுப்பில் வெட்டியதை இங்கேயே அச்செடுத்துக்கொள்வார்கள். இதை உங்கள் நாளிதழ் எழுதினால் மாநகராட்சியின் காதில் விழும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த புகைப்படம். வெட்டுபவரின் இடது கை உளிக்கு நேர் முன்னால் லினோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உளி ஒருமுறை வழுக்கினால் அது நேராகக் கட்டைவிரல் அடியில்தான் போய் நிற்கும். 25 செ.மீ.க்கு 20 செ.மீ. பிளைவுட் துண்டு ஒன்றில், ஒரு ஓரத்தில் மேலேயும் எதிர் ஓரத்தில் கீழேயும் ஒவ்வொரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால், கீழ் ரீப்பர் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல் ரீப்பர் லினோவைத் தாங்கும், இடது கைக்கு முன்னால் போக வேண்டிய வேலையே இருக்காது. அடுத்த முறை இந்தக் கட்டுரையை எங்கே எடுத்துப் போட்டாலும், அந்தப் படத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
லினோ அச்சுக்காரர்கள் இருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.